அம்மாளாச்சி வந்து நின்ற ஊர்

ஜப்பானின் டொட்டொரி மாகாணத்தில் சகாய்மினாட்டோ என்றொரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. நண்டுக்குப் பெயர்போன ஊர். 1993ஆம் ஆண்டு அந்த ஊரார் ரயில் நிலையத்திலிருந்து போகும் கடைத்தெருவில் 23 வெண்கலச் சிலைகளை நிறுத்தினார்கள். மன்னருக்கோ தளபதிக்கோ எழுப்பிய சிலைகளல்ல. எல்லாம் பேயும் பூதமும். 'கெகெகே நோ கிதாரோ' என்ற சித்திரக்கதையோடு நாடெங்கும் பெயர் பெற்றவை. இன்று அந்த 800 மீற்றர்த் தெருவில் 170க்கு மேற்பட்ட சிலைகள் நிற்கின்றன. பக்கத்து நகரான யொனாகோவிலிருந்து வரும் ரயில் பெட்டிகளில் பூதங்களைத் தீட்டியிருக்கிறார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பூதத்தின் பட்டப்பெயர். விமான நிலையத்துக்கே யொனாகோ கிதாரோ என்று பெயர். இருட்டிய பிறகு தெருவிளக்குகள் பூதங்களின் நிழலைத் தரையில் விழுத்துகின்றன.

இதையெல்லாம் வரைந்தவர் மிசுகி ஷிகேரு. 1922இல் பிறந்து, சகாய்மினாட்டோவில் வளர்ந்தவர். சின்ன வயதில் அவருக்குப் பேய்க்கதை சொன்னது பக்கத்திலிருந்த ஒரு கிழவி. நொன்னொன்பா என்று கூப்பிடுவாராம். கோயில் சுவரில் தொங்கிய நரகப் படத்தைக் காட்டி விளக்கம் சொன்னவளும் அவள்தான். பிறகு உலகப் போர் வந்தது. இளைஞர் மிசுகி பசிபிக்கில் நியூ பிரிட்டன் தீவுக்குப் படையாளாக அனுப்பப்பட்டார். அவரோடு காவல் நின்ற சிறு குழுவில் அவர் மட்டும் உயிர் தப்பினார். மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்தபோது விழுந்த குண்டில் இடது கை போயிற்று. எஞ்சிய வலது கையோடு ஊர் திரும்பியவர், பிழைப்புக்காகத் தெருவில் படம் காட்டிக் கதை சொல்வோருக்கு அட்டைப் படங்கள் வரைந்தார். சைக்கிளில் வந்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்று, படத்தை மாற்றி மாற்றிக் கதை சொல்கிற அந்தக் கலைக்குக் கமிஷிபாய் என்று பெயர். கிதாரோவின் மூலக்கதை அந்தத் தெருக் கலையிலிருந்து வந்தது. 1960இல் வாடகைப் புத்தகமாக வந்த கிதாரோ, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொலைக்காட்சியில் ஓடியது. கிழவியைப் பற்றி மிசுகி எழுதிய 'நொன்னொன்பா' 2007இல் பிரான்சின் அங்குலேம் சித்திரக்கதை விழாவில் முதற்பரிசு பெற்றது. 2015இல், 93 வயதில் அவர் காலமானார்.

போரில் கையை இழந்து, இருக்கிற கையால் உழைத்து, பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர்கள் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். அந்த ஜப்பானியத் துறைமுகத்தை எனக்கு நெருக்கமாக்கியது இதுதான். ஒரு கிழவி சொன்ன கதை, ஒரு போர், ஒரு கை, அதற்குப் பிறகு ஒரு தெரு. இந்த நான்கில் முதல் மூன்றும் எங்களிடம் வேண்டிய மட்டும் உண்டு.

இன்னோர் ஊரையும் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரலில் குமமொட்டோ மாகாணத்தை நிலநடுக்கம் உலுக்கியது. 'வன் பீஸ்' சித்திரக்கதையை வரையும் ஒடா எய்சிரோ அந்த மண்ணில் பிறந்தவர். நிவாரணத்துக்கு 80 கோடி யென் கொடுத்தார். அதற்கு நன்றியாக மாகாண அரசு 2018இல் தன் அலுவலகத்தின் முன்னால் கதாநாயகன் லூஃபிக்குச் சிலை வைத்தது. லூஃபியின் கூட்டாளிகள் ஒன்பது பேரும், நிலநடுக்கம் கண்ட ஊர்களை மீட்டெடுக்க வருகிறவர்களைப் போல, ஒவ்வோர் இடத்தில் நிறுத்தப்பட்டார்கள். பத்தாவது சிலை 2022இல் வைக்கப்பட்டது. யாரை எங்கே நிறுத்துவது என்பதில் அவர்கள் காட்டிய கவனம் என்னை ஈர்க்கிறது. கப்பலின் சமையற்காரன் சஞ்சி, பெரிய சேதம் கண்ட மஷிகியில். மான் உருவ வைத்தியன் சொப்பர் விலங்குக் காட்சிச்சாலையில். பழைய இடிபாடுகளை ஆராயும் றொபின், உடைந்த கட்டடம் அப்படியே காக்கப்படுகிற பல்கலைக்கழக வளாகத்தில். வெளியூர்ச் சனம் இடிந்த ஊருக்கு வருகிறது. ஆனால் இடிபாட்டைப் பார்ப்பதற்காக மட்டும் வரவில்லை. லூஃபியின் ஆட்களைத் தேடி வருகிறது. வந்த இடத்தில் சாப்பிடுகிறது, தங்குகிறது, ஊர்க்காரரோடு கதைக்கிறது.

2009இல் போர் முடிந்த பிறகு வன்னிக்கு வந்த வெளியூர் பஸ்களை நினைத்துப் பார்க்கிறேன். ஏ9 வீதியில் கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன்னால் வரிசையாக நின்றன. பெரிய சீமெந்துத் தாங்கி, சரிந்தது சரிந்தபடி, சுற்றி வேலியும் பலகையும் போட்டுப் பார்வையிடமாக்கப்பட்டிருந்தது. புதுக்குடியிருப்பில் போர்க் காட்சியகம். இறங்கிப் படம் எடுத்தார்கள், ஏறிப் போனார்கள். அந்தத் தாங்கியில் தண்ணீர் குடித்தவர் யார், அந்த ஊருக்கு வேறென்ன கதை உண்டு என்று கேட்பதற்கு அங்கே எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. வன்னி என்றால் போர் நடந்த இடம், அவ்வளவுதான் என்ற எண்ணத்தோடு பல்லாயிரம் பேர் திரும்பியிருப்பார்கள். இந்த எண்ணம் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. ஏனென்றால் கதைக்காக ஓர் ஊர் முழுவதும் நடக்கிற பழக்கம் எங்களிடம் ஜப்பானியருக்கு முந்தியே இருக்கிறது. அதை வருசா வருசம் வைகாசியில் செய்கிறோம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடலின் மேற்குக் கரையில் இருக்கிறது வற்றாப்பளை. அங்கே கண்ணகை அம்மன் கோயில். சனம் அம்மாளாச்சி என்றுதான் சொல்லும். மதுரையை எரித்த பிறகு கண்ணகி சினம் ஆறாமல் இலங்கைக்கு வந்தாள் என்றும், ஊர் ஊராகத் தங்கித் தங்கிப் பத்தாவதாக வந்து நின்ற இடம் இது என்றும் ஐதீகம். ஊர்ப்பெயரும் அந்தப் பத்திலிருந்து வந்தது என்பார்கள்.

எனக்கு இந்தக் கதையைச் சொன்னது அப்பாச்சி. நந்திக்கடற்கரையில் பெடியள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி வந்து பசிக்குது என்றாள். வேம்புக்குக் கீழே குழை வெட்டிக் கொத்துப்பந்தல் போட்டு அவளை இருத்தி, புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டுவிட்டது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. "அந்தக் கடல் தண்ணியை எடுத்து விட்டுக் கொழுத்துங்கோ" என்றாள் கிழவி. பெடியள் அப்படியே செய்தார்கள், விளக்கு எரிந்தது. பிறகு கிழவி தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்றாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். ஒவ்வொரு வைகாசியும் ஒரு திங்கட்கிழமை வருவேன் என்று சொல்லி அவள் மறைந்துவிட்டாள்.

"பெடியள் பயந்து ஓடேல்லையோ அப்பாச்சி?" என்று நான் கேட்பேன். "பயந்தவைதான் மோனை. ஆனா தலை பாக்க மடியில சாய்ஞ்ச மனுசியை விட்டிட்டு எழும்பி ஓடுவினமோ?" என்பார்.

மிசுகி வரைந்த பூதங்களில் உடம்பெல்லாம் கண்ணான ஹியகுமே என்றொன்று உண்டு. கிதாரோவே ஒற்றைக்கண் பிள்ளை. அவனுடைய செத்துப்போன தகப்பன் ஒரு கண்மணியாக மட்டும் எஞ்சி, மகனோடு கூடத் திரிகிறான். எங்கோ இருக்கிற அந்தத் துறைமுகத்துக் கிழவியும் எங்கள் அப்பாச்சிமாரும் ஒருவரை ஒருவர் சந்தித்திருந்தால் விடிய விடியக் கதைத்திருப்பார்கள். பிள்ளைக்குப் பயம் வரவேண்டும், ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு பாசம் இருக்கவேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

வற்றாப்பளைக் கதையின் பெருமை, அது சொல்லோடு நிற்காமல் நிலத்தில் நடப்பதுதான். வைகாசி விசாகத்தை அண்டிய திங்கட்கிழமை பொங்கல். அதற்கு இரண்டு வாரத்துக்கு முந்திய திங்கள் பாக்குத்தெண்டல் என்ற சடங்கு. அன்றோடு முள்ளியவளை, தண்ணீரூற்று, வற்றாப்பளைச் சுற்றுவட்டாரம் விரதத்துக்குப் போய்விடும். மச்சம் மாமிசம் சமைக்காத வீடுகள், கழுவிக் கவிழ்த்த சட்டி பானைகள். அடுத்த திங்கள் தீர்த்தம் எடுத்தல். முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலிலிருந்து பறை முழங்கப் புறப்பட்டு, சிலாவத்தைத் தீர்த்தக்கரைக்கு நடந்து போவார்கள். குடத்தில் கடல்நீர் எடுப்பவர் வாயைத் துணியால் கட்டியிருப்பார். அந்த நீர் ஊர்வலமாகவே காட்டு விநாயகர் கோயிலுக்குத் திரும்பி வருகிறது. வழி நெடுக வீட்டுப் படலைகளில் நிறைகுடமும் குத்துவிளக்கும். வெக்கையில் நடந்து வருகிறவர்களுக்கு மோரும் சர்க்கரைத் தண்ணியும். அந்தக் கடல்நீரில் ஏற்றிய விளக்கு ஏழு நாள் எரியும். ஞாயிறு இரவு காட்டு விநாயகருக்குப் பொங்கல். பின் மடைப்பண்டங்களோடு எல்லாம் வற்றாப்பளைக்குப் போய்ச் சேரும். திங்கள் பகலும் இரவும் அம்மாளாச்சியின் பொங்கல்.

இதை அப்படியே வரிசைப்படுத்திப் பாருங்கள். கடல், பிள்ளையார் கோயில், நந்திக்கடற்கரை. எண்ணெய் இல்லாத இரவில் பெடியள் செய்ததை, ஊர் முழுவதும் சேர்ந்து இரண்டு வாரம் எடுத்துத் திரும்பச் செய்கிறது. பார்க்க வந்தவர் யார், கதைக்குள் நிற்பவர் யார் என்ற பிரிவே இல்லை. படலையில் நிறைகுடம் வைக்கிற பிள்ளையும் கதையில் ஒரு பாத்திரம்தான். சகாய்மினாட்டோவின் அத்தனை சிலைகளையும்விட இது பெரிய காரியம் என்று நான் மனதார நம்புகிறேன்.

பொங்கல் இரவு வற்றாப்பளையில் கால் வைக்க இடம் இருக்காது. தூக்குக் காவடிகள், பாற்செம்பு, கற்பூரச்சட்டி ஏந்திய பெண்கள், வெளிவீதி மணலில் உருளும் ஆண்கள். வவுனியா, கிளிநொச்சி, மன்னார், திருகோணமலை என்று எல்லாப் பக்கத்து வாகனமும் அங்கே நிற்கும். பெரிய வளந்தில் பொங்கல் பொங்கும்போது கூட்டம் எழுப்புகிற அரோகரா நந்திக்கடல் தாண்டிக் கேட்கும். கச்சான் கடைகளை ஒருவரும் விடமாட்டார்கள். வீட்டுக்குக் கச்சான் சுருள் இல்லாமல் வற்றாப்பளையிலிருந்து திரும்பியவரை நான் கண்டதில்லை.

கோயிலைச் சுற்றி இன்னும் கதைகள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்து அம்மனின் சக்தியைப் பழித்தாராம். பக்கத்தில் நின்ற பன்னிச்சை மரம் தானாக ஆடி, காய்களால் அவரை எறிந்து விரட்டியதாம். இதைப் பாடுகிற பன்னிச்சையாடிய பாடற்சிந்து என்றொரு நூலே இருக்கிறது. கோவலன் கூத்து முல்லைத்தீவு மண்ணின் கூத்து. முல்லைமோடி என்று தனி ஆட்டமுறையே இந்தப் பக்கத்துக்கு உண்டு. இளங்கோவடிகளின் நூலைப் படித்திராத, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அண்ணாவிமார் கோவலன் கதையை முதலிலிருந்து முடிவுவரை மனதில் வைத்திருந்தார்கள்.

கண்ணகியின் நடையை முழுதாகப் பார்த்தால் அதன் நீளம் வியக்க வைக்கும். தொடக்கம் பூம்புகார். அங்கே 1973இல் தமிழ்நாடு அரசு சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டியது. கதைக் காட்சிகள் சுவரில் கல்லாக நிற்கின்றன. அங்கிருந்து மதுரை. பிறகு தேனி மாவட்ட எல்லை மலையில் மங்கலதேவிக் கோயில், சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டும் சனம் ஏறிப் போகும். சேரநாட்டில் செங்குட்டுவன் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்ததாகச் சிலப்பதிகாரமே சொல்கிறது. கடல் கடந்தால் யாழ்ப்பாணத்துக் கண்ணகை அம்மன் கோயில்கள், மட்டக்களப்பின் கண்ணகி சடங்குகள், தெற்கில் சிங்கள மக்களின் பத்தினித் தெய்வம். கண்டி எசல பெரஹராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் சேர்ந்து போகிறது. இரண்டு நாடு, மூன்று மொழி, இரண்டு சமயம். ஒரு பெண் நடந்த வழி. உலகத்தில் எந்தச் சித்திரக்கதையின் ஊரும் இவ்வளவு நீளமில்லை. அந்த வழியில் கண்ணகியின் கோபம் ஆறி, தாயாகப் பசிக்குது என்று கேட்ட இடம் எங்கள் நந்திக்கடற்கரை.

அதே நந்திக்கடலின் மறுகரை, போர் முடிந்த முள்ளிவாய்க்கால்.

இதைச் சொல்லாமல் வற்றாப்பளையைப் பற்றி எழுத முடியாது. 2009 வைகாசியில் இந்த ஊர்களின் சனம் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் கம்பிவேலிக்குள் இருந்தது. அந்த வைகாசியில் எந்தப் படலையிலும் நிறைகுடம் இல்லை. படலையே இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சனம் மீள்குடியேறியபோது, வீட்டுக்குத் தகரம் கிடைக்கு முன்பே பாக்குத்தெண்டல் எப்போது என்று விசாரித்தவர்கள் உண்டு. இப்போதும் மே 18இல் இறந்தவர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சியும், அந்த நாட்களை அண்டியே அம்மாளாச்சியின் பொங்கலும் வருகின்றன. நீதி கேட்டு ஊரை எரித்த ஒருத்தியின் கோயிலுக்கு, இன்னும் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற தாய்மார் கற்பூரச்சட்டி எடுக்கிறார்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை நான் ஊகித்து எழுதப் போவதில்லை. ஆனால் வன்னிக்கு வருகிறவர்கள் பார்க்கவேண்டியது விழுந்த தாங்கியையா, இதையா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

வன்னியின் இன்னொரு கதையிடம் கற்சிலைமடு. மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வீதி. காடும் குளமும் வயலுமாக, வன்னியின் மிக அழகான வீதி என்று சொல்வேன். அந்த வீதியில் இருக்கிற ஒட்டுசுட்டானை அடுத்த ஊர் கற்சிலைமடு. 1803 ஆகஸ்ட் 25இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். ஆங்கிலேயக் காவற்படை கடல் வழியே தப்பியது. அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைக் கற்சிலைமடுவில் தோற்கடித்தார். அதைச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு கல் நடப்பட்டது. ஊர்களில் வழங்கிய கதைகளை ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளிவந்த வன்னி மாவட்டங்களின் கைநூலில் எழுதி வைத்தார். கல் நட்டவர்கள் தங்கள் வெற்றி நினைவில் நிற்கவேண்டுமென்று நட்டார்கள். ஆனால் வன்னிச் சனம் அந்தக் கல்லடிக்குப் போனது தோற்றவனுக்குப் பூ வைக்க. விழா எடுப்பது ஒக்டோபர் 31இல் அல்ல, கோட்டையைப் பிடித்த ஆகஸ்ட் 25இல். வவுனியாவில் அவனுக்குச் சிலை நிற்கிறது. எழுத்தாளர் முல்லைமணி அவன் கதையை நாடகமாக்கினார். தமிழ்நாட்டில் கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று நாவல் எழுதினார். அந்தப் பழைய கல்லும் போருக்குப் பின் உடைபட்டது. உடைத்தாலும் கதை ஒட்டுசுட்டான் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது.

சரி, இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

ஜப்பானைப் பார்த்து அப்படியே செய்ய முடியாது என்பது எனக்குத் தெளிவு. கிதாரோ கதைப் பாத்திரம். அவன் முகத்தைப் பானில், போத்தலில், சப்பாத்தில் போட்டு விற்கலாம். அம்மாளாச்சி தெய்வம். அவள் முகத்தைத் தேத்தண்ணிக் கோப்பையில் போட்டு விற்பதை நானும் பொறுக்கமாட்டேன், ஊரும் பொறுக்காது. கோயில் வீதியைப் பொம்மைக் கடையாக்குவதும் வேண்டாம். ஆனால் சகாய்மினாட்டோவிடமிருந்து எடுக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவில் நிற்பவை பெரும்பாலும் சில்லறைப் பூதங்கள். வாசலில் நிற்பது, பாலத்தடியில் ஒளிந்திருப்பது, பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவது. கதை சொன்ன கிழவிக்கும் அங்கே ஒரு சிலை.

எங்களுக்கும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த பெடியள். அவர்களுக்கு எங்காவது ஒரு சிலை உண்டா? பசித்தவளுக்குப் புக்கை பொங்கிக் கொடுத்தவர்கள், சொன்னதை நம்பி உப்புத்தண்ணியில் திரி போட்டவர்கள், தலை முழுக்கக் கண்ணைக் கண்டும் ஓடாமல் இருந்தவர்கள். கடற்கரையில் நாலு பெடியளும் இரண்டு மாடும் ஒரு கொத்துப்பந்தலும் நின்றால், வெளியூர்ப் பிள்ளை வந்து, இவை ஆர் அப்பா என்று கேட்காதா? முள்ளியவளையிலிருந்து சிலாவத்தை வரையும், அங்கிருந்து வற்றாப்பளை வரையும் தீர்த்தம் போகிற பாதையில், எந்த இடத்தில் என்ன நடக்கும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகைகள் வைப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பன்னிச்சை மரத்தடியில் அதன் கதை. கற்சிலைமடுவில், கல்லை நட்டவர்களின் வாசகத்தோடு, பூ வைத்தவர்களின் வாசகமும். இவற்றை எழுதவும் வரையவும் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. முல்லைமோடி ஆடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைவினை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வைகாசி தவிர்ந்த மற்றப் பதினொரு மாதத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் வருகிறவருக்கும் ஒரு காட்சிக் கூத்து ஆடிக் காட்ட முடிந்தால், அந்தக் கலைஞருக்கு அது கூலியாகவும் இருக்கும்.

சித்திரக்கதை விசயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். தமிழில் சித்திரக்கதைக்கு வாசகர் இல்லை என்று சொல்ல முடியாது. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய நாளிலிருந்து தலைமுறைகள் அதில் வளர்ந்திருக்கின்றன. ஆனால் அந்த அலுமாரியில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் பிறந்த குதிரைவீரரும் துப்பறிவாளரும். இப்போது எங்கள் பெடியள் கைத்தொலைபேசியில் வன் பீஸும் நருட்டோவும் பார்க்கிறார்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் லூஃபியின் வைக்கோல் தொப்பி. கோடு பிசகாமல் வரைந்திருப்பார்கள். அந்தக் கையிடம் அம்மாளாச்சியின் கதையை வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பண்டாரவன்னியனின் குதிரையை வரையச் சொல்லிக் கேட்கவில்லை. கோட்டப் பாடசாலைகளில் நாடகப் போட்டி இருக்கிறது, பேச்சுப் போட்டி இருக்கிறது. முப்பத்திரண்டு பக்கச் சித்திரக்கதைப் போட்டி ஒன்று வைத்து, நல்லதைத் தெரிந்து அச்சடித்து, பொங்கல் அன்று கச்சான் கடைக்குப் பக்கத்தில் விற்றால் எத்தனை ஆயிரம் வீடுகளுக்குப் போகும்! மிசுகியும் ஒடாவும் எடுத்த எடுப்பில் பெரியவர்களாக வந்துவிடவில்லை. யாரோ கதை சொன்னார்கள், யாரோ வரைய இடம் கொடுத்தார்கள்.

வர விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். பொங்கல் திங்களுக்கு எல்லோரும் வருவார்கள். கதையைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு முந்திய திங்கள், தீர்த்தம் எடுக்கிற நாளில் வாருங்கள். வைகாசிக்கு முன்பே கோயிலில் விசாரித்தால் பாக்குத்தெண்டல் நாளைச் சொல்வார்கள். அதற்கு அடுத்த திங்கள் தீர்த்தம், அதற்கும் அடுத்த திங்கள் பொங்கல். வடக்கு ரயிலில் வருகிறவர்கள் மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுக்கலாம். வழியில் ஒட்டுசுட்டானில் இறங்கித் தான்தோன்றீஸ்வரரையும், கற்சிலைமடுவையும், நேரமிருந்தால் முத்தையன்கட்டுக் குளத்தையும் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் முள்ளியவளைக்குப் போங்கள். பரந்தனிலிருந்து வருகிறவர்களுக்கு விசுவமடு, புதுக்குடியிருப்பு வழி இருக்கிறது. அந்த வாரம் முழுவதும் ஊரில் மச்சம் கிடையாது. காட்டு விநாயகர் கோயிலிலிருந்து பறை புறப்பட்டதும் பின்னாலே நடக்கத் தொடங்குங்கள். செருப்பு வேண்டாம். தண்ணிப் போத்தலும் வேண்டாம், படலைக்குப் படலை கூப்பிட்டுத் தருவார்கள்.